ஸ்பெக்கில் எந்த டயகிராமை வரைவது?

ஸ்பெக், அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆவணம், எழுதும்போது யூ.எம்.எல்.-இல் (மென்பொருளைப் படமாக வரைவதற்கான பொது முறை) உள்ள எல்லா டயகிராமும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். யூ.எம்.எல். 2.5-இல் 14 வகை இருக்கின்றன. நான் வழக்கமாக வரைவது மூன்று நாலுதான்.

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்றுக்கு லாட் (ஒன்றாகச் சேர்த்துப் பதப்படுத்தும் தோல் தொகுதி) கணக்கு மென்பொருள் செய்தோம். முதல் ஸ்பெக்கில் கிளாஸ் டயகிராம் (புரோகிராமின் உள்ளமைப்பைக் காட்டும் படம்) மட்டும் ஏழு பக்கம். சூப்பர்வைசர் மரியாதைக்குப் புரட்டிவிட்டு மேசை ஓரமாக வைத்துவிட்டார். அடுத்த முறை ஒரே தாளில் ஸ்டேட் டயகிராம், அதாவது ஒரு லாட் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகும் என்ற படம், கொண்டுபோனேன்: பச்சைத் தோல், வெட் ப்ளூ (குரோம் பதமிட்ட ஈரத் தோல்), கிரஸ்ட் (சாயமேற்றி உலர்த்திய தோல்), ஃபினிஷ், பேக்கிங். ஐந்து பெட்டி, நடுவில் அம்புக்குறிகள். அவர் கிரஸ்ட் பெட்டி மேல் விரலை வைத்தார். "தம்பி, ஷேடு ஒத்து வரலன்னா மறுபடியும் டிரம்முக்குத்தானே போகும்? அந்தக் கோடு எங்க?"

ஷேடு என்றால் தோலின் நிறம்; டிரம், சாயமேற்றும் உருளை. பின்னால் திரும்பும் அம்பு ஒன்றுகூட நாங்கள் போடவில்லை. அப்புறம் அவரே, "பாதி லாட் மட்டும் திரும்பினா?" என்றார். ஒரு லாட் இரண்டாகப் பிரியும் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஈ.ஆர். டயகிராமில் (சேமிக்கும் தரவுகளுக்குள் உள்ள தொடர்பைக் காட்டும் படம்; இது யூ.எம்.எல். வகைகளில் சேராது) தாய் லாட் என்று ஓர் உறவு சேர்ந்தது. புரோகிராம் எழுதிய பிறகு இது தெரிந்திருந்தால் பாதி டேபிள்களை மாற்ற வேண்டி வந்திருக்கும்.

அதனால் என் யோசனை இது. ஒரு பொருளோ ஆர்டரோ நிலை மாறிக்கொண்டே போகிறது என்றால் ஸ்டேட் டயகிராமை விடாதீர்கள். சேமிக்கும் தரவுக்கு ஈ.ஆர். இரண்டு சிஸ்டம் பேசிக்கொள்ளும் இடத்தில், உதாரணமாகப் பேமென்ட் கேட்வேயுடன் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை), சீக்வென்ஸ் டயகிராம், அதாவது யார் யாருக்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறார்கள் என்ற படம்; பதில் வராமல் போனால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே வரையுங்கள், பலரும் விடுவது அதைத்தான். முதல் பக்கத்தில் நடுவே நம் சிஸ்டம், சுற்றிலும் அதைத் தொடும் ஆட்களும் வெளி சிஸ்டங்களும். யூஸ் கேஸை, அதாவது யார் சிஸ்டத்தை எதற்குப் பயன்படுத்துவார் என்பதை, நான் பட்டியலாகவே எழுதிவிடுவேன். கிளாஸ் டயகிராம் ஸ்பெக்கில் வேண்டாம்; புரோகிராம் மாற மாற அது பொய்யாகிவிடும்.

இன்னொன்று. ஸ்டேட் டயகிராம் முடிந்ததும் அதையே அட்டவணையாக எழுதிப் பாருங்கள்: வரிசையில் நிலைகள், மேலே நிகழ்வுகள். காலிக் கட்டம் ஒவ்வொன்றும் யாரிடமாவது கேட்க வேண்டிய கேள்வி. எங்களுக்குக் கிரஸ்ட் வரிசையில் மட்டும் மூன்று காலி. அதைக் கேட்கவே மறுநாள் காலையில் ராணிப்பேட்டைக்கு மறுபடி பஸ் ஏறினேன்.