வானம் பார்ப்போம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டி.எஸ்.எல்.ஆர். கேமரா, 135 மி.மீ. லென்ஸ், ஸ்டார் டிராக்கர் (வானம் சுழலும் வேகத்துக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) வைத்திருக்கிறேன். விண்வெளி வாயு மேகமான ஓரியன் நெபுலாவைப் பலமுறை எடுத்துவிட்டேன். அதிகம் பேர் எடுக்காத மங்கலான நெபுலா ஒன்றை எங்கள் மொட்டை மாடியிலிருந்து எடுக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முடியும். லோயர் நெபுலாவை எடுங்கள். வானியலாளர் ஷார்ப்லெஸ் 1959-இல் வெளியிட்ட நெபுலாப் பட்டியலில் அதன் எண் 261. கண்டுபிடித்தவர்கள் நம்மைப் போன்ற ஆர்வலர்கள்தான்: அமெரிக்காவில் ஒரு அப்பாவும் மகனும், 1939-இல், வீட்டிலேயே செய்த கேமராவில் பிடித்தார்கள்.

திருவாதிரைக்கு வடக்கே இருக்கிறது. தை மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நாலு டிகிரிதான் தள்ளி. ஊர் வெளிச்சமும் கடல் ஈரமும் அங்கேதான் மிகக் குறைவாகத் தொந்தரவு செய்யும். அதே திசையில் ஐந்து டிகிரி வடக்கே குரங்குத் தலை நெபுலா. உங்கள் லென்ஸில் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். குரங்குத் தலை பளிச்சென்று விழுந்திருந்தால் உங்கள் அமைப்பு சரி என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு தடை உண்டு. இந்த நெபுலாவின் ஒளி பெரும்பாலும் ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பு. கடையில் வாங்கிய கேமராவின் உள் ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து அதை மாற்றிவிட்டு, லென்ஸில் டூயல் பேண்ட் ஃபில்டர் (நெபுலா ஒளியின் இரண்டு குறுகிய நிறப் பட்டைகளை மட்டும் விடுவது) போடுங்கள். ஊருக்குள்ளிருந்து எடுக்க இதுதான் வழி.

அப்புறம் பொறுமை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் மாடியில் முதல் இரவு இரண்டு மணி நேரம் எடுத்தேன். மூன்று நிமிடப் படங்கள் நாற்பது. ஸ்டேக் செய்து, அதாவது எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கறைதான். எட்டு மணி நேரம் சேர்ந்த பிறகே விளிம்பு தெரிந்தது. நேரத்தை நாலு மடங்காக்கினால்தான் நாய்ஸுக்கு (படத்தில் விழும் பொடிப் புள்ளிகளுக்கு) மேல் ஒளி இரு மடங்கு எழும். ஒரு இரவுக்கு ஒரு நெபுலா என்று தாவாமல், தை முழுக்க இதிலேயே இருங்கள்.

டிராக்கரை நேர்படுத்த உதவும் துருவ நட்சத்திரம் நமக்குப் 12 டிகிரி உயரத்தில்தான். என் வீட்டில் அது தென்னை மரத்துக்குப் பின்னால், புதுச்சேரி வெளிச்சத்துக்குள் கிடக்கிறது. உங்களுக்கும் தெரியாவிட்டால் டிரிஃப்ட் முறையில், அதாவது ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, டிராக்கரைச் சரிசெய்யுங்கள். அரை மணி நேரம் போகும், ஆனால் நட்சத்திரங்கள் இழுபடாது. பனியையும் மறக்காதீர்கள். ஒருமுறை லென்ஸ் வியர்த்ததைக் கவனிக்காமல் நடுநிசிக்கு மேல் எடுத்த அத்தனையையும் இழந்தேன். இப்போது பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டை சுற்றாமல் மாடிக்கே ஏறுவதில்லை. ஃப்ளாட் படங்களுக்கு (ஓர இருட்டையும் தூசிக் கறையையும் பின்னால் நீக்க எடுக்கும் சீரான வெளிச்சப் படங்கள்) விடியற்காலை வானமும், லென்ஸில் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டித் துணியும் போதும்.

கேள்வி: இவற்றை டெலஸ்கோப்பில் கண்ணால் பார்க்க முடியாதா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ஊருக்குள்ளிருந்து முடியாது. இருட்டில் நம் கண்ணுக்கு அந்த ஆழ்ந்த சிவப்பு எட்டாது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் ஓரியன் நெபுலாவையே காட்டுங்கள். சின்ன பைனாகுலரிலும் தெரியும்.