குறைமாதக் குழந்தையின் நுரையீரல்: ரத்தத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பி.பி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் நாட்பட்ட நுரையீரல் நோயைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: என் மகள் 26-ஆவது வாரத்தில் பிறந்தாள். பத்து நாள் ஆகிறது. இந்த நோய் வருமா என்று ரத்தத்தைச் சோதித்து இப்போதே சொல்லிவிட முடியாதா, டாக்டர்?

உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. நோய் இருக்கிறதா என்பதையே, கருவில் இருந்த காலத்தையும் சேர்த்து 36 வாரம் நிறையும்போதுதான் முடிவு செய்கிறோம்; அன்று ஆக்சிஜனோ சுவாச உதவியோ தேவைப்படுகிறதா என்பதே அளவுகோல். உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் எட்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை பிறந்த வாரம், எடை, வென்டிலேட்டரா அல்லது மூக்கு வழியாகக் காற்றழுத்தம் தரும் ‘சி-பாப்’ கருவியா, எவ்வளவு ஆக்சிஜன் என்பவற்றை வைத்து வாய்ப்பைச் சதவீதமாகக் கணக்கிட முடியும். அதற்கு ரத்தமே வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: ஆராய்ச்சியாளர்கள் ரத்தத்தில் எதைத்தான் தேடுகிறார்கள்?

முதலில் அழற்சியை. கருப்பையில் தொற்று இருந்தாலோ, வென்டிலேட்டரின் அழுத்தமும் மிகையான ஆக்சிஜனும் நுரையீரலைப் புண்படுத்தினாலோ, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற புரதங்கள் உயர்கின்றன. ஒரு கிலோவுக்கு மேற்படாத எடையில் பிறந்த ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, இவற்றின் உயர்வுக்கும் நோய் அல்லது இறப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

எனக்கு இவற்றைவிட நம்பிக்கை தருபவை ரத்தநாள வளர்ச்சியைக் காட்டும் குறியீடுகள். 1967-இல் இந்த நோயை முதன்முதலாக விவரித்தவர்கள் கண்டது, வென்டிலேட்டரால் தழும்பேறிய நுரையீரலை. இன்று 24, 25 வாரக் குழந்தைகளும் பிழைக்கிறார்கள். அவர்களிடம் நாம் பெரும்பாலும் காண்பது, வளர்ச்சி பாதியில் நின்றுபோன நுரையீரல். காற்று நுண்ணறைகள் பிரிந்து பெருக வேண்டுமானால் அவற்றைச் சுற்றியுள்ள நுண்நாளங்களும் கூடவே வளர வேண்டும். வி.ஈ.ஜி.எஃப். என்னும் புரதம் அந்த நாளங்களை வளர்க்கிறது, எண்டோஸ்டேட்டின் என்ற இன்னொரு புரதம் தடுக்கிறது. ஆகவே தொப்புள்கொடி ரத்தத்தில் எண்டோஸ்டேட்டினை அளந்து பார்க்கிறார்கள். வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 குறைந்திருப்பதும் ஓர் எச்சரிக்கை. நுரையீரலின் உட்படலம் சேதமடைந்தால் கே.எல்-6 என்ற புரதம் ரத்தத்தில் கசிகிறது.

கேள்வி: இத்தனை இருந்தும் ஏன் மருத்துவமனைகளில் பயன்படுத்துவதில்லை?

ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிவதில்லை. ஓர் ஆய்வில் முதல் நாள் ரத்தம், இன்னொன்றில் ஏழாம் நாள் ரத்தம். நோயின் வரையறையும் ஒன்றல்ல: 28 நாள் ஆக்சிஜன் என்பது பழைய கணக்கு, 2001-இல் நோயின் கடுமையைத் தரம் பிரித்தார்கள், 2019-இல் சுவாச உதவியின் வகையை மட்டும் வைத்து இன்னொரு வரையறை வந்தது. ரத்தத்தில் கிருமி பரவினாலும், குடல் அழற்சி வந்தாலும் இதே இன்டர்லூக்கின்கள் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த வாரமும் எடையும் ஏற்கெனவே சொல்லிவிட்டதற்கு மேல் இவை கூட்டிச் சொல்வது பெரும்பாலும் கொஞ்சம்தான்.

கேள்வி: முன்கூட்டியே தெரிந்தால்தான் என்ன செய்ய முடியும்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மூச்சைத் தூண்டும் காஃபீன் மருந்தைத் தருவதற்குக் கணிப்பு தேவையில்லை. 2006-இல் வெளியான பெரிய ஆய்வில் அது நோயை 47 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறைத்தது. மிகச் சிறிய குழந்தைகள் பலருக்கும் அதைக் கொடுக்கிறோம். ஸ்டீராய்டு விஷயம் வேறு. முதல் வாரத்தில் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நுரையீரலுக்கு உதவினாலும், மூளை பாதிப்பால் உடல் இயக்கம் குன்றும் மூளைவாதத்தின் ஆபத்தைக் கூட்டுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2005-இல் வெளியான கட்டுரை ஒன்று இதைத் தெளிவாக்கியது: நோய்க்கான வாய்ப்பு 35 சதவீதத்துக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் ஸ்டீராய்டால் இறப்போ மூளைவாதமோ நேரும் வாய்ப்பு கூடியது, 65 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களிடம் குறைந்தது. மருந்து ஒன்றே, எந்தக் குழந்தைக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும். முதல் இரண்டு வாரத்துக்குள், ஸ்டீராய்டால் நன்மை பெறக்கூடிய குழந்தையைச் சரியாகப் பிரித்துக் காட்டும் பரிசோதனை வந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பிப்பார்கள். அதனால்தான் இந்த ஆராய்ச்சி நிற்கக் கூடாது என்கிறேன்.

கேள்வி: ரத்தத்தில் என்.டி-புரோ-பி.என்.பி. என்ற பொருள் அதிகம் என்கிறார்கள். நுரையீரல் நோய் உறுதியா?

இல்லை. அது இதயத்தின் சுமையைக் காட்டுவது. இதயத்தருகே, பிறந்தபின் மூட வேண்டிய டக்டஸ் என்ற ரத்தநாளம் மூடாவிட்டாலும் உயரும். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: ஆராய்ச்சிக்காகக் கூடுதல் ரத்தம் எடுக்கச் சம்மதிக்கலாமா? குழந்தை 700 கிராம்தான்.

அந்த உடம்பில் மொத்தமே சுமார் 60 முதல் 70 மில்லிலிட்டர் ரத்தம்தான். ஒரு மில்லிலிட்டர் எடுப்பது, பெரியவரிடம் 70 மில்லிலிட்டருக்கு மேல் எடுப்பதற்குச் சமம். எவ்வளவு எடுப்பார்கள், எத்தனை முறை, வழக்கமான பரிசோதனையில் மிஞ்சியதை வைத்தே செய்ய முடியாதா என்று கேளுங்கள். தொப்புள்கொடி ரத்தமோ சிறுநீரோ போதும் என்றால் நான் தயங்காமல் சம்மதிக்கச் சொல்வேன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. அது உங்கள் உரிமை.