கடை வரிசையில் நின்ற ‘சகுரா’

வணக்கம். நீங்கள் மொழிபெயர்க்கும் ஜப்பானியச் சிறுகதையில், புதிய கடையின் வாசலில் வரிசையாக நிற்பவர்களைப் பார்த்து ஒருவர் “அவர்கள் எல்லாம் சகுரா” என்று சொல்வது புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ‘சகுரா’ என்றால் ஜப்பானிய மொழியில் செர்ரிப் பூ; ஆனால் அங்கே பூவுக்கு இடமில்லை; வியாபாரம் களைகட்டியிருப்பதாகக் காட்டுவதற்காகக் கடைக்காரரே காசு கொடுத்து நிறுத்திய போலி வாடிக்கையாளர்களைத்தான் அச்சொல் குறிக்கிறது. எடோ காலத்தில் (1603–1868) கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடக அரங்குகளில் கட்டணமின்றி அனுமதிக்கப்பட்டு, நடிகர்களை உரக்கப் பாராட்டியவர்களுக்கு, செர்ரிப் பூவையும் இலவசமாகத்தானே பார்க்கிறோம் என்ற வேடிக்கையில் இப்பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உரையாடல் என்பதால் ‘செட்டப் ஆட்கள்’ என்றே தயங்காமல் எழுதலாம். அதே கதையின் உணவகக் காட்சியில் வரும் ‘சகுரா நபே’யும் பூவால் ஆனதன்று, அது குதிரை இறைச்சியைச் சட்டியில் கொதிக்கவைத்து உண்ணும் உணவு.