பீடியை விட்டதும் தைராய்டு வருமா?

கேள்வி: வயது 48. இருபது வருடத்துக்கு மேல் பீடி, கையில் காசு இருந்தால் சிகரெட். பொங்கலோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை. முன்பு விடியற்காலையில் லோடு ஏற்றிவிட்டு அப்படியே அடுத்த வேலைக்குப் போவேன், இப்போது நாலு பெட்டி தூக்கினாலே உட்காரத் தோன்றுகிறது. எடை ஏழெட்டு கிலோ ஏறிவிட்டது, மலச்சிக்கல், குரலும் கட்டிக்கொண்டது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வை கேட்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 18 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார், நான்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மண்டியில் "பீடியை விட்டதாலதான் உனக்கு இது, தினம் ரெண்டு இழு, சரியாயிடும்" என்கிறார்கள். இன்னொருவர் போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார். எது உண்மை ஐயா?
— பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: மண்டிக்காரர்கள் சொன்னதில் முதல் பாதி முழுப் பொய் இல்லை. இரண்டாம் பாதிதான் ஆளைக் கெடுப்பது.

டென்மார்க்கில் தைராய்டு குறைபாடு (கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காதது) வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. புகையை விட்ட முதல் 2 ஆண்டுகளில் இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு, புகைக்கவே புகைக்காதவர்களைவிட ஆறு மடங்குக்கும் மேல் இருந்தது, அதற்குப் பிறகு அது இறங்கிவிட்டது. ஆறு மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம், அடிப்படையில் இது குறைவான பேருக்கு வருகிற நோய், அதனால் ஆறால் பெருக்கினாலும் புகையை விட்டவர்களில் பெரும்பாலோருக்கு வராது. வந்தவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் ஒரே வகை: உடம்பின் எதிர்ப்பு சக்தி நம் தைராய்டு சுரப்பியையே எதிரியாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பது. புகைப்பவர்களிடம் இந்த வகை குறைவாகவும், சராசரி டிஎஸ்எச் (தைராய்டு சோம்பினால் ரத்தத்தில் கூடுவது) கொஞ்சம் தாழ்வாகவும் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். புகையில் உள்ள ஏதோ ஒன்று அந்த எதிர்ப்பு சக்தியை அமுக்கி வைத்திருக்கிறது என்று தெரிகிறது. புகை நின்றதும் அமுங்கிக் கிடந்தது தலைதூக்குகிறது. அதாவது சுரப்பியில் பிரச்சினை வரும் வாய்ப்பு உங்களுக்கு முன்பே இருந்திருக்கலாம், பீடி அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் மறுபடி இரண்டு இழுத்தால் என்ன? ஒரு சின்ன மாத்திரையில் முடிகிற விஷயத்துக்காக மாரடைப்பையும் நுரையீரல் புற்றுநோயையும் விலைக்கு வாங்குவதா? பழுதாகிவிட்ட சுரப்பி இரண்டு பீடியில் திரும்பி வரும் என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. பீடி சிகரெட்டைவிடப் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள், பீடியை அணையாமல் வைத்திருக்கவே இன்னும் பலமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. புகையை விட்ட ஒருவருக்குச் சோர்வு, எடை, மலச்சிக்கல், மந்தமான மனசு என்று எது வந்தாலும் "பீடியை விட்டவனுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள், சில நேரம் டாக்டர்களும்தான். நிகோடின் இல்லாத தவிப்பு முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும். மூன்று மாதம், நாலு மாதம் கழித்தும் சோர்வு ஏறிக்கொண்டே போனால், ஊரே வியர்க்கும்போது உங்களுக்கு மட்டும் குளிர்ந்தால், குரல் கரகரத்தால், காலையில் கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தால் டிஎஸ்எச் பார்த்துவிட வேண்டும். உங்கள் வீட்டில் சிரித்த அந்தப் போர்வைதான் நல்ல துப்பு.

ஆனால் ஏழெட்டு கிலோவையும் தைராய்டு தலையில் போடாதீர்கள். இந்தக் குறைபாட்டில் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். புகையை விட்ட முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறுவது வழக்கம், ஏனென்றால் நிகோடின் பசியை அடக்கி வைத்திருந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்பதால் டீயோடு போண்டா, மிக்சர், கடலை மிட்டாய் என்று உள்ளே போவது எவ்வளவு என்று நீங்களே ஒரு நாள் கவனியுங்கள்.

டிஎஸ்எச் என்பது மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்து "வேலை செய்" என்று அனுப்பும் உத்தரவு. தைராய்டு சோம்பினால் உத்தரவு கூடும். சுமார் 4 வரை இருக்க வேண்டியது உங்களுக்கு 18. 10-க்கு மேல் போய் அறிகுறிகளும் இருந்தால் மாத்திரை தேவைப்படும் என்பதுதான் பொதுவான நடைமுறை, தள்ளிப்போடாதீர்கள். 5, 6 என்று வந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லியிருப்பேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இருபது வருடம் புகைத்தவர் நீங்கள். லோடு தூக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் வலியோ வருகிறதென்றால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த மாத்திரை இதயத்தை வேகமாக ஓடச் செய்யும், அப்படிப்பட்டவர்களுக்குச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். கொலஸ்ட்ரால் கூடியிருந்தால் அதுவும் தைராய்டு குறைவால் இருக்கலாம், சரியான அளவு கிடைத்த பிறகு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. மண்டி நேரத்தில் இது கஷ்டம், தெரியும், எழுந்ததும் முதல் வேலையாகப் போட்டுவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். கேழ்வரகுக் கூழும் களியும் தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரை போட்ட கையோடு மட்டும் வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள், அதற்குள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

போர் தண்ணீர் விஷயம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மைதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. அது முதலில் கெடுப்பது பல்லையும் எலும்பையும். உங்கள் தைராய்டுக்கு அதுதான் காரணம் என்று எந்தப் பரிசோதனையாலும் நிரூபிக்க முடியாது, காரணம் எதுவானாலும் வைத்தியமும் மாறப்போவதில்லை. குடிக்க ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அது போதும்.

மறுபடி பீடி மேல் கை போகும்போது 1800-11-2356-க்குப் பேசுங்கள், கட்டணமில்லா எண், பாக்கெட் மேலேயே அச்சடித்திருக்கும்.

கேள்வி: எனக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, 'கிரேவ்ஸ்' என்று சொன்னார்கள். கண் உறுத்துகிறது, கொஞ்சம் பிதுங்கியும் இருக்கிறது. கணவர் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிக்கிறார். புகைத்தால் தைராய்டுக்கு நல்லது என்று எங்கோ படித்ததாக வாதாடுகிறார்.
— ஓசூர் வாசகி

பதில்: அவர் படித்தது வேறு நோய்க்கு அம்மா. உங்கள் நோயில் கணக்கு தலைகீழ். புகைப்பவர்களுக்குக் கிரேவ்ஸ் வரும் வாய்ப்பே ஏறக்குறைய இரு மடங்கு, அதில் கண் பாதிப்பு இன்னும் கூடுதல், கண்ணுக்கான சிகிச்சையும் அவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் உங்கள் கண்ணுக்கு ஆகாது, அவரை வாசலுக்கு அனுப்புங்கள், மாடிப்படி கூடாது. கதிரியக்க அயோடின் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் கண் தொந்தரவையும் வீட்டுப் புகையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது சிலருக்குக் கண்ணை மோசமாக்கும். பார்ப்பது இரட்டையாகத் தெரிந்தாலோ நிறம் மங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.