வீட்டில் வாசிக்கவும் பதிவு செய்யவும் எந்த ஆம்ப் மாடலர்?

கேள்வி: எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். இரவில்தான் பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது. பக்கத்து அறையில் குழந்தை உறங்கும். கணினியில் பதிவு செய்யும் ஆசையும் உண்டு. பல கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் (ஆம்ப்) ஒலியைப் போலச் செய்யும் டிஜிட்டல் ஆம்ப் மாடலர் வாங்கலாம் என்று பார்த்தால் ஒன்றில் நூறு ஆம்ப், இன்னொன்றில் இருநூறு என்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: அந்த எண்ணிக்கையைக் கண்டுகொள்ளாதீர்கள். இருநூறு ஆம்ப் உள்ள கருவியை வாங்கியவர்களும் கடைசியில் மூன்று நான்கோடு நின்றுவிடுகிறார்கள். லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற மாடலரான 'பாட்' 1998-இல் வந்தபோது, நகல் அசலை எவ்வளவு நெருங்குகிறது என்று சண்டை போட்டதில் பொருள் இருந்தது. இன்று நடுத்தர விலைக் கருவிகளிலும் அந்த நகல் வீட்டுத் தேவைக்குத் தாராளமாகப் போதும்.

ஒலி எதன் வழியாக வெளியே வரப்போகிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு அது ஹெட்போன், அடுத்தது கணினி. அப்படியானால் மாடலரில் ஆம்பைவிட ஸ்பீக்கர் பெட்டியான கேபினட்டைப் போலச் செய்யும் பகுதியே முக்கியம். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும்; நம் காதுக்குப் பழகிய கிட்டார் ஓசை அப்படி வடிகட்டி வந்ததுதான். கேபினட் பகுதியை அணைத்துவிட்டு டிஸ்டார்ஷனை (ஆம்பின் கரகரப்பொலி) ஹெட்போனில் கேளுங்கள், தகர டப்பாவில் மாட்டிய குளவியைப் போல் இரையும்.

ஒரு ஸ்பீக்கரும் அதன் முன் வைத்த மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பிடித்து வைத்த சிறு ஆடியோ கோப்புதான் 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்', சுருக்கமாக ஐஆர். வெளியிலிருந்து ஐஆர் ஏற்ற முடியாத கருவியை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஆம்பை மாற்றிப் பார்த்து அலுத்துப்போன ஒலிகூட, ஐஆரை மாற்றியதும் வேறு ஆளாகி நிற்கும்.

பதிவுக்கு வருவோம். இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை யூஎஸ்பி வழியாக ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் (கணினிக்குள் ஒலியைக் கொண்டுசெல்லும் கருவி) வேலை செய்கின்றன. ஆனால் ஆம்ப் ஒலியோடு கிட்டாரின் வெறும் சிக்னலையும் தனித் தடத்தில் அனுப்புகிறதா என்று விசாரியுங்கள். நள்ளிரவில் ஒரு தனி வாசிப்பு அருமையாக அமைந்துவிடுகிறது; காலையில் கேட்டால் டிஸ்டார்ஷன் மிதமிஞ்சி இருக்கிறது. வெறும் சிக்னல் கையில் இருந்தால் அதையே மாடலருக்குத் திருப்பி அனுப்பி வேறு ஆம்பில் எடுத்துவிடலாம். இதைத்தான் ரீஆம்பிங் என்கிறார்கள். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் இதைச் செய்யும், ஐஆரும் ஏற்கும், ஹெட்போன் துளையும் உண்டு. தரையில் வைத்துக் காலால் இயக்கும் அந்த வகைச் சிறு கருவிதான் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு.

கணினி மென்பொருள் மட்டும் போதாதா? பணம் முக்கியம் என்றால் போதும். 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற மென்பொருள் இலவசம், தரத்திலும் குறையில்லை. ஆனால் கிட்டாரைக் கணினியோடு இணைக்கத் தனி இன்டர்ஃபேஸ் தேவை; அதில் 'இன்ஸ்ட்ருமென்ட்' உள்ளீடு இருக்க வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் பிக்கப்பின் ஒலி மங்கிவிடும். தந்தியை மீட்டியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டாம். கணினி ஒலியை விநாடிக்கு 48,000 துணுக்குகளாக (சாம்பிள்) எடுக்கும்போது, ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் 128 சாம்பிள் பஃபர் என்பது சுமார் 2.7 மில்லி விநாடி. போகவர இரண்டு முறை, இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் எல்லாம் கூட்டினாலும் பத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் ஆம்பிலிருந்து ஒலி காதுக்கு வரவே கிட்டத்தட்ட 9 மில்லி விநாடி பிடிக்கிறதே! என் தயக்கம் வேறு. அரை மணி நேரப் பயிற்சிக்குக் கணினியைத் திறந்து, அப்டேட் முடியக் காத்திருந்து, மென்பொருளை ஏற்றுவதற்குள் கிட்டார் உறைக்குள் திரும்பிவிடும்.

பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா போன்ற ஸ்பீக்கருடன் கூடிய மாடலிங் ஆம்ப் நல்ல பொருள்தான். இரவில் ஸ்பீக்கரைத் திறக்கவே முடியாத வீட்டில் எதற்கு? மிச்சமாகும் பணத்தை ஹெட்போனில் போடுங்கள், கம்பியுள்ள ஹெட்போனாக. புளூடூத் வேண்டவே வேண்டாம்; தந்தியை மீட்டிய பிறகு ஒலி நொண்டி வருவது நன்றாகவே தெரியும். குறைந்த ஒலியில் காது தாழ்ந்த சுருதி ஒலிகளை அவ்வளவாக உணராது. அதனால் இரவில் மெல்லக் கேட்டு அமைத்த ஒலியைப் பகலில் ஸ்பீக்கரில் சற்று உரக்க வைத்தும் சரிபாருங்கள், அநேகமாக அந்தத் தாழ்ந்த ஒலிகளைக் குறைக்க வேண்டியிருக்கும்.

கடைக்கு உங்கள் கிட்டாரையும் உங்கள் ஹெட்போனையும் கொண்டுபோங்கள். நிறுவனம் முன்கூட்டியே அமைத்துத் தரும் ஒலிகள் (ப்ரீசெட்டுகள்) எதிரொலியில் ஊறிக் கிடக்கும்; ரிவெர்ப், டிலே இரண்டையும் முதலில் அணையுங்கள். மிதமான டிஸ்டார்ஷன் வைத்து, கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதிக்குத் திருகி, ஒரே சுரக்கூட்டை (கார்டு) மென்மையாகவும் அழுத்தியும் மீட்டுங்கள். மென்மையில் ஒலி தெளிந்து, அழுத்தத்தில் கரகரக்க வேண்டும். இரண்டும் ஒரேமாதிரி இருந்தால் அடுத்த கருவியைக் கேளுங்கள்.