ஃப்ளூ தடுப்பூசி: ஊழியர்களை எப்படித் தயார்ப்படுத்துவது?

கேள்வி: சிறிய மருத்துவமனை ஒன்றில் தலைமைச் செவிலியராக இருக்கிறேன். பருவகால ஃப்ளூ தடுப்பூசித் திட்டம் விரைவில் தொடங்கவிருக்கிறது. ஊசி போடத் தெரிந்தவர்களுக்குப் பயிற்சி எதற்கு என்கிறது நிர்வாகம். ஊழியர்களிலேயே சிலர் போட்டுக்கொள்ளத் தயங்குகிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: அந்தத் தயக்கத்திலிருந்தே தொடங்குங்கள். தனக்கே நம்பிக்கை இல்லாத ஒருவரால், "எனக்கு இது தேவையா?" என்று கேட்கும் கர்ப்பிணிக்கோ முதியவருக்கோ உறுதியான பதில் சொல்ல இயலாது. அதோடு, ஃப்ளூ தொற்றியவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே கிருமியைப் பரப்பக்கூடும் என்பதால், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று பணிக்கு வரும் செவிலியரிடமிருந்தும் நோயாளிக்குத் தொற்றலாம். உலக சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளர்களை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுற்றறிக்கை அனுப்புவதைவிட, அவர்களை உட்காரவைத்துப் பேசுவது பலன் தரும். "போன முறை ஊசி போட்ட பிறகுதான் காய்ச்சல் வந்தது" என்று யாரேனும் நிச்சயம் சொல்வார். ஊசியாகப் போடப்படும் ஃப்ளூ தடுப்பு மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஓரிரு நாள் கைவலியும் லேசான காய்ச்சலும் வரலாம், ஆனால் அது ஃப்ளூ அன்று. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும், அதற்குள் தொற்றினால் நோய் வரலாம் என்பதையும், தடுப்பூசி முழுக் கவசம் இல்லை, நோய் முற்றுவதைக் குறைப்பதே அதன் பெரும்பயன் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூக்கில் தெளிக்கும் வகையில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருப்பதால், அது கர்ப்பிணிகளுக்கு ஏற்றதன்று.

"முன்பு நான்கு வகை வைரஸுக்கு எதிராகப் போட்டீர்கள், இப்போது ஏன் மூன்று?" என்ற கேள்வியும் வரும். அந்த நான்கில் ஒன்றான பி யமகட்டா வகை மார்ச் 2020-க்குப் பின் உறுதியாகக் கண்டறியப்படவில்லை; ஆகவே அது விலக்கப்படுகிறது. இதில் தரக்குறைவு ஏதுமில்லை.

நிர்வாகத்தின் கேள்விக்கு வருவோம். சட்டைக் கழுத்தை இழுத்து இறக்கி, நின்றபடியே போடும்போது ஊசி பெரும்பாலும் மேலே ஏறிவிடுகிறது. தோள்மூட்டுக்குள் மருந்து இறங்கினால் மாதக்கணக்கில் வலி நீடிக்கலாம். கையைச் சட்டையிலிருந்து முழுவதும் வெளியே எடுக்கச் சொல்லி, எதிரில் அமர்ந்து, தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே போட வேண்டும். அனுபவசாலிகளிடமும் இந்தப் பிழையைக் காணலாம்.

மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நல்லதாகவே தெரியலாம் என்பது பலருக்குத் தெரியாது. உறைந்தது என்று தெரிந்தால் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: ஃப்ளூ தடுப்பூசிகள் பலவும் கோழிமுட்டையில் வளர்த்துத் தயாரிக்கப்படுகின்றனவே, முட்டை ஒவ்வாமை உள்ளவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டுமா?

பதில்: வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-24 பருவத்திலிருந்து, முட்டை ஒவ்வாமைக்கென்று தனி முன்னெச்சரிக்கையே தேவையில்லை என்கிறது. முன்பு ஃப்ளூ தடுப்பூசிக்கே கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்களை மட்டும் மருத்துவரிடம் அனுப்புங்கள். யாருக்குப் போட்டாலும், கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் மருந்தான அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவில் போட வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் முதல் நாளுக்கு முன்பே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.