வலைப்பந்தாட்ட விதிகளை நடுவராகப் புரிந்துகொண்டு களத்தில் பயன்படுத்துவது எப்படி?

விதிப்புத்தகத்தை முழுவதும் படித்து, எழுத்துத் தேர்விலும் தேறிய பிறகும், களத்தில் விசிலோடு நிற்கும்போது முடிவெடுக்கத் தாமதமாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வலைப்பந்தாட்ட (நெட்பால்) நடுவராகப் பணியாற்றி, புதிய நடுவர்களுக்குப் பயிற்சியும் அளித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, உங்கள் தாமதத்துக்குக் காரணம் விதி தெரியாதது அன்று. எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை கண்ணுக்கு இன்னும் பழகவில்லை என்பதே. புத்தகம் விதிகளைத் தலைப்புவாரியாகப் பிரித்துத் தருகிறது. ஆட்டத்திலோ, ஒருவர் பந்தைப் பிடித்த அந்தக் கணத்திலேயே கால்நகர்வு (பந்தைப் பிடித்தவர் கால்களை நகர்த்துவது பற்றிய விதி), பந்தை மூன்று வினாடிக்குள் விட வேண்டும் என்ற கணக்கு, எதிராளியின் இடைவெளி, உடல் மோதல் எல்லாம் ஒருசேர வந்து நிற்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது பந்தைப் பிடித்தவரின் பாதம். ஒற்றைக் காலில் இறங்கினால் அதுவே தரையிறங்கிய கால். இரண்டும் ஒரே நேரத்தில் பதிந்தால், அவர் ஒரு காலை எடுத்து வைக்கும்போது மற்றது தரையிறங்கிய காலாகிவிடும். அந்தக் காலைத் தூக்க அவருக்கு உரிமை உண்டு; ஆனால் அதை மீண்டும் ஊன்றுவதற்கு முன் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். இந்தப் பாதத்தை மனத்தில் குறித்துக்கொண்டவருக்கு அப்ஸ்ட்ரக்ஷன் என்னும் தடுப்புத் தவறிலும் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஏனென்றால், ஒற்றைக் காலில் இறங்கியவரிடமிருந்து தடுப்பவர் விட வேண்டிய 0.9 மீட்டர் இடைவெளி, அந்தக் கால் முதலில் பதிந்த இடத்துக்கும் தடுப்பவரின் அருகிலுள்ள பாதத்துக்கும் இடையே தரையில்தான் அளக்கப்படுகிறது. கால் பிறகு தூக்கப்பட்டாலும் அளவு மாறாது.

கோல் வட்டத்துக்குள் அடிக்கடி நடப்பதைப் பாருங்கள். கோல் போடுபவரான கோல் ஷூட்டர் இடது காலில் இறங்கிப் பந்தைப் பிடிக்கிறார். அவரைத் தடுக்கும் கோல் கீப்பர் முறையாகப் பின்வாங்கி, இடைவெளி விட்டு, கைகளை உயர்த்தி முன்னே சாய்கிறார். அப்போது ஷூட்டர் வலது காலைக் கம்பத்தை நோக்கி எடுத்து வைக்க, இருவரும் ஏறக்குறைய உரசும் நெருக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். பார்வையாளர்கள் குரல் எழுப்புவார்கள். புதிய நடுவரின் விசிலும் உடனே ஒலிக்கும். ஆனால் இடைவெளியைக் குறைத்தவர் ஷூட்டர்; கோல் கீப்பர் எந்தத் தவறும் செய்யவில்லை. அதே கோல் கீப்பர் பந்தைத் தட்டுவதற்காகத் தாவி, அந்த 0.9 மீட்டருக்குள் இறங்கி எறிதலுக்கு இடையூறு செய்தால் அது தவறு. இரண்டும் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தெரியும். ஆகவே கைகளையும் நெருக்கத்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பாதங்களைப் பாருங்கள். அதற்கு நீங்கள் நிற்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். இருவரில் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு இடைவெளியை யாராலும் அளக்க முடியாது. பக்கக் கோட்டிலும் கோல் கோட்டிலும் ஓயாமல் நகர்ந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவிலுள்ள வெளிச்சம் தெரியும் கோணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

உடல் மோதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தொட்டார்களா என்பதைவிட, அந்தத் தொடுகை எதிராளியின் ஆட்டத்தைக் கெடுத்ததா என்பதே முக்கியம். வேண்டுமென்று செய்தாரா, தற்செயலா என்பது தவறா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில்லை. இருவரும் நியாயமாகப் பந்துக்குப் போட்டியிட இடம் உண்டு. ஆனால் ஒருவர் காற்றில் எழும்பி, இறங்கும் இடம் உறுதியான பிறகு, மற்றவர் அந்தப் பாதைக்குள் புகுந்தால் மோதலுக்குப் பொறுப்பு புகுந்தவருடையது.

விதிகளை அறிந்தவரையும் ஆட்டத்தை அறிந்தவரையும் வேறுபடுத்திக் காட்டுவது, என் பார்வையில், அட்வான்டேஜ்தான். தவறு நடந்ததைக் கண்டும், விசில் ஊதினால் தவறிழைக்காத அணிக்கே நட்டம் என்றால் ஊதக் கூடாது. சைகை காட்டி, குரல் கொடுத்து, ஆட்டத்தை ஓடவிட வேண்டும். மைய ஆட்டக்காரர் இடிபட்டும் பந்தை வட்டத்தின் விளிம்பில் தனியாக நிற்கும் தோழிக்கு அனுப்பிவிட்டார் என்றால், அங்கே விசில் ஊதுவது தடுப்பவர்கள் திரும்பி வந்து அணிவகுக்க நேரம் கொடுப்பதாகும். எனவே விசிலை உதட்டில் வைத்தபடி ஒரு மூச்சு நேரம் பொறுத்து, பந்து யாரிடம் போகிறது என்று பார்த்த பின் முடிவு செய்யப் பழகுங்கள். தொடக்கத்தில் இது தயக்கம் போலத் தோன்றலாம். அதற்காக அந்த ஒரு மூச்சைக் கைவிட வேண்டாம்.

ஊதிய பின் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: தவறு என்ன, தண்டனை என்ன, எந்த இடம். கால்நகர்வு போன்றவற்றுக்கு எதிரணிக்கு ஃப்ரீ பாஸ் என்னும் எறிதல்; மோதலுக்கும் தடுப்புத் தவறுக்கும் பெனால்டி பாஸ், தவறிழைத்தவர் பந்து எறியப்படும்வரை ஆட்டத்தில் பங்கு பெறக் கூடாது. அவர் எங்கே நிற்க வேண்டும் என்று கையால் காட்டிவிட்டால் வாக்குவாதம் பெரும்பாலும் எழாது.

பயிற்சி ஆட்டங்களில், ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றின் 15 நிமிடங்களும் விசில் இல்லாமல் வெளியே நின்று, தரையிறங்கும் காலை மட்டும் ‘இடது, வலது, இரண்டும்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பாருங்கள். அது தானாக வரத் தொடங்கிய பிறகு, அடுத்த பகுதியில் தடுப்பவரின் பாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடைவேளைகளில் மற்றப் பாதியைப் பார்க்கும் சக நடுவரிடம், வட்டத்துக்குள் எந்த அளவு மோதலுக்கு அவர் ஊதுகிறார் என்று கேட்டறியுங்கள். ஒரு முனையில் தவறாவது மறுமுனையில் சரியாகிவிட்டால், இரு அணிகளின் தடுப்பாளர்களுக்கும் எப்படி ஆடுவது என்றே தெரியாமல் போய்விடும்.